வாசலில் நின்றவர்

ஏற்காட்டில் மற்ற வீடுகளுக்குப் போனால் கதவைத் தட்ட வேண்டும். அவர் வீட்டில் தட்டவேண்டிய அவசியம் எனக்கு ஒருமுறைகூட ஏற்பட்டதில்லை. ஏரிக்கு மேலே சரிவில் இருந்தது அந்த வீடு. சாலையிலிருந்து முப்பத்திரண்டு படிகள் ஏற வேண்டும். நான் பத்தாவது படியில் கால் வைக்கும்போதே கதவு திறந்துவிடும். இடது கையை நிலைக்கட்டையில் ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருப்பார்.

"வாங்க வாங்க. படி வழுக்குதுங்க, ஓரமா வாங்க."

மழையே பெய்யாத நாளிலும் இதைத்தான் சொல்வார்.

"இவரைப் பெத்தவங்க வாசப்படியிலதான் பெத்துப் போட்டிருப்பாங்க" என்று அவர் மனைவி சொல்வார். "சோறு போட்டு வெச்சிருக்கேன், ஆறிப் போகுது. ரோட்டுல யாரோ செருப்புச் சத்தம் கேட்டுச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாருங்க. கடைசியில பாத்தா அது எருமை மாடு."

அவர் சிரிப்பார். "எருமைன்னாலும் வந்தது வந்ததுதானே?"

டெலிபோன் இலாகாவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பது அவர் வேலை. யாரும் அவரை நியமித்ததாகத் தெரியவில்லை. எஸ்டேட்டில் புதிதாகச் சேர்ந்த குடும்பம் கடைசி வரிசையில் போய் ஒடுங்கி உட்காரப் பார்த்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிடுவார். பெற்றோர் வேறு வழியில்லாமல் அவர் பின்னால் போய் மூன்றாவது வரிசையில் உட்காருவார்கள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் முதலாளியின் மனைவி சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும். "ஒருத்தரை வாசல்ல நிக்க வெச்சுட்டு நான் உள்ள போய் உக்காந்தா, எனக்கு ஜெபம் பண்ண வராதுங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதை அன்றே எழுதி வைத்திருக்கிறேன்.

நான் அப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க். நாள்தோறும் டைரி எழுதுகிற பழக்கம் பதினெட்டு வயதிலிருந்து உண்டு. மழை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதுவேன். இந்தப் பழக்கத்தால்தான் அவர் என்னைத் தன் வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இன்டர்நெட் என்ற சொல் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்ததே தவிர, எங்கள் மலைக்கு வரவில்லை. அவருடைய மைத்துனர் மகன் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் மோடத்தையும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அவற்றை வீட்டு டெலிபோனோடு சேர்த்து அவர் ஒரு போர்டு நடத்தினார். கரும்பலகை மாதிரிதான். எழுதுவதும் படிப்பதும் மட்டும் டெலிபோன் வழியாக. கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருக்கிற யாரும் அவர் வீட்டு எண்ணுக்கு டயல் செய்யலாம். அவருடைய கம்ப்யூட்டர் எடுக்கும். உள்ளே போய் மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தன் பங்குக்கு எழுதிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். இருப்பது ஒரே லைன் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வர முடியும். தமிழைத்தான் எழுதினோம், ஆங்கில எழுத்தில்.

உறுப்பினர்கள் நாற்பது சொச்சம் பேர். எஸ்டேட் முதலாளிகள், மேனேஜர்கள், ஒரு டாக்டர், ஒரு லாட்ஜ்காரர், சில ஆசிரியர்கள், சேலத்திலிருந்து ஐந்தாறு பேர். எந்த எஸ்டேட்டில் எவ்வளவு மழை, காப்பி என்ன விலை, எந்தக் கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்திருக்கிறது, பஸ் ஓடுகிறதா, யாருக்கு ரத்தம் வேண்டும் என்பவைதாம் அதில் இருக்கும். இடையிடையே வம்பும் இருக்கும். லைன் எப்போதெல்லாம் அறுந்தது என்று கம்ப்யூட்டர் காட்டும் நேரங்களை ஒரு நோட்டில் குறிப்பது என் பொறுப்பு. காலையில் போய், முந்தின நாள் வந்த கடிதங்களை அச்செடுத்துச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் பொறுப்புதான். கம்ப்யூட்டரின் திறவுச்சொல் எங்கள் இருவருக்கும் தெரியும்.

புதிதாக ஒருவர் டயல் செய்தால் கம்ப்யூட்டர் மணியடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியில் உட்காருவார். வந்தவருடைய திரையில் தெரியும்படி தானே நேராகத் தட்டச்சு செய்வார். எழுத்துகள் ஒவ்வொன்றாக அங்கே தோன்றும்: வாங்க, உள்ள வாங்க. ஊடு எங்கீங்க? இன்னைக்கு அங்க மழை உண்டுங்களா?

சேலத்து வாத்தியார் ஒருவர் இதைப் பார்த்து மிரண்டு டெலிபோன் ஒயரையே பிடுங்கிவிட்டாராம். கம்ப்யூட்டருக்குள் பேய் இருக்கிறது என்று அவர் வீட்டில் மூன்று நாள் யாரும் அந்த அறைக்குள் போகவில்லை. பிறகு அந்த வாத்தியாரே போர்டில் இதை எழுதி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

இந்த வரவேற்பில் அவர் தவறாமல் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. எங்கள் லைன்கள் இடி இடித்தால் அறுந்துபோகும். எழுதி முடித்து அனுப்பிய பிறகு அறுந்தால், 'சேர்ந்தது' என்ற பதில் திரையில் வராது. எழுதியது போகவில்லை என்று நினைத்துப் புதியவர்கள் அதையே மறுபடி அனுப்புவார்கள். உண்மையில் முதலில் அனுப்பியதே போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வார்: லைன் அத்துப் போனா பயப்படாதீங்க. நீங்க எழுதுனது உள்ளதான் இருக்கும். நாளைக்கு வந்து பாருங்க. அவர் சொல்வதற்கு முன்பே ஒரே கடிதத்தை நான்கு முறை அனுப்பியவர்களில், பள்ளிக் கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்த நானும் ஒருவன்.

ஒருநாள் கோயம்புத்தூர்க்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போர்டுக்கு வந்தார். சேலத்தில் தங்கியிருப்பதாகச் சொன்னார். அரைமணி நேரத்துக்கும் மேல் இருவரும் பேசிக்கொண்டார்கள். "தங்கமான மனுசனுங்க. அவரு கொழந்தைக்குக்கூட நம்ம மலைக் காத்துதான் ஒத்துக்கும்னு சொல்றாரு" என்று என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். அந்தத் தங்கமான மனிதர் அடுத்த நான்கு நாளில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவும் பொதுவிலுமாகக் கடிதங்களைக் கொட்டினார். ஒரு சோப்புக் கம்பெனியில் சேர்ந்து, தமக்குக் கீழே ஆறு பேரைச் சேர்த்து, அவர்கள் ஆறு ஆறு பேரைச் சேர்த்தால் வீட்டிலிருந்தபடியே கார் வாங்கலாம் என்பது விஷயம். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இருபது பேருக்கு இதை அனுப்பாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்ற சாமி கடிதமும் வந்தது. அதைப் பயந்துபோய் அப்படியே மற்றவர்களுக்கு அனுப்பியவர் எங்கள் லாட்ஜ்காரர்.

இதை நாங்கள் எரிச்சலோடு சிரித்துக் கடந்திருப்போம். ஆனால் அந்த வாரம் ஒரு மேனேஜர், பதினாலாவது வளைவில் மரம் விழுந்து பாதை அடைபட்டுவிட்டது என்று மதியமே எழுதியிருந்தார். அது சோப்புக் கடிதங்களுக்கு அடியில் புதைந்துபோனது. டாக்டர் போர்டைத் திறந்து பார்த்திருக்கிறார். முதல் பத்துப் பன்னிரண்டு கடிதங்களும் சோப்பாக இருந்ததால் மூடிவிட்டார். பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். மரத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் நின்றார். குழந்தை ஜீப்பிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். திரும்பிவந்த டாக்டர் ரத்தக்கறை படிந்த சட்டையோடு முப்பத்திரண்டு படி ஏறினார். நான் அங்கே இருந்தேன்.

"வாங்க டாக்டர், வாங்க..."

"வாங்க வாங்கன்னு சொல்லித்தான்யா சந்தியில நிறுத்தினீங்க. ஊட்டை இப்பிடித் தெறந்து போட்டு வெச்சா நாயும் வரும், நரியும் வரும். அந்தப் பொண்ணு செத்திருந்தா நீங்களா பதில் சொல்லியிருப்பீங்க?"

 டாக்டர் போன பிறகும் அவர் நெடுநேரம் நிலைக்கட்டையில் கை வைத்தபடியே நின்றார். அதற்கு முன்னால் அவர் யாரிடமும் திட்டு வாங்கிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் கிளம்பும்போது, "நம்ம மேலதான் தப்புங்க. நான்தான் ஆளைப் பாக்காம உள்ள விட்டுட்டேன்" என்றார்.

மறுநாளே ஒரு விதி எழுதச் சொன்னார். எழுதியது நான். ஒரே கடிதத்தை மூன்று முறைக்கு மேல் அனுப்புகிறவர் விளம்பரக்காரர். அவர் பெயர் பூட்டப்படும். பூட்டப்பட்ட பெயர்கள் போர்டின் முதல் திரையில் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். அந்தப் பட்டியலுக்கு என்ன தலைப்பு வைப்பது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தள்ளி வைத்தவர்கள்" என்றார். அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தண்ணீர் எடுக்கும் இடத்தில்கூட முகம் பார்க்க மாட்டார்கள். இருந்தும் எழுதினேன்.

விதி வேலை செய்தது. சோப்பு போயிற்று, சாமி கடிதம் போயிற்று. மழையும் மரமும் மறுபடி போர்டின் தலையில் வந்தன. டாக்டரே பாராட்டி எழுதினார். முதல் ஐந்து பெயர்களில் எந்தத் தவறும் இல்லை. அதை இன்றும் சொல்வேன்.

ஆனால் மணி அடித்தால் இப்போதெல்லாம் அவர் ஓடிவருவதில்லை. வந்து, பின்னால் தள்ளி நின்று, வந்தவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார். ஒரு வார்த்தை தட்டச்சு செய்ய மாட்டார். "மொதல்ல நாம பேசுனா அவனுக்கு எடம் கொடுத்த மாதிரி ஆயிருமுங்க. அவனே என்ன பண்றான்னு பாப்போம்" என்பார். கோயில் வாசலிலும் அது தெரிய ஆரம்பித்தது. பாட்டுப் புத்தகத்தை நீட்டுவதற்கு முன்னால், "நீங்க யாரு ஊட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பதில் வரும்வரை புத்தகம் அவர் கையிலேயே இருந்தது.

அந்த ஜூனில் ஒரு பெண்ணின் பெயர் போர்டில் வந்தது. எங்கள் மலையிலேயே வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். தாய் தந்தையர் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அவர் பன்னிரண்டாவது வரை படித்து, பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிஸ்டாக இருந்தார். வேலை முடிந்த பிறகு அரைமணி நேரம் மோடத்தைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். கணவர் படுக்கையில் இருந்ததால், கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மிளகுக் கொடிகளை வெட்டி பாலித்தீன் பைகளில் வேர்விட வைத்திருந்தார். அந்த நாற்றுகள் அந்த மழைக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் வேர் பைக்குள்ளேயே சுருண்டு அழுகிவிடும்.

அவர் எழுதியது இது: "வணக்கம். நான் வெள்ளக்கடை. மிளகு நாத்து போட்டிருக்கேன். நல்லா வேர் புடிச்சிருக்கு. வேணுங்கறவங்க வந்து பாத்துட்டு எடுத்துக்கலாம். போர்டுக்குப் புதுசு. தப்பா எழுதியிருந்தா மன்னிக்கவும்."

காலையில் நான் சரிபார்த்தபோது இதே கடிதம் ஐந்து முறை இருந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டது நான்தான். அவர் பூட்டினார். ஐந்து நிமிட வேலை.

பன்னிரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மாலை, நான் அவர் வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வழக்கம்போல அகலத் திறக்கவில்லை. ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் திறந்து, அந்த இடத்தில் தானே நின்றுகொண்டார். அவருடைய தோளுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு பெண்ணின் பாதி முகமும், ஒயர் கூடையில் இரண்டு மிளகு நாற்றும் தெரிந்தன.

"ஏனுங்க சார், போர்டு வெச்சிருக்கறவங்க ஊடு இதுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

பெயரைச் சொன்னார். இவருடைய கை நிலைக்கட்டைக்குப் போனது.

"எம்பேரு அந்த லிஸ்டுல வந்திருக்குதுங்க. நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

"ஒரே விசயத்தை அஞ்சு தடவை போட்டிருக்கீங்கம்மா."

"அஞ்சு தடவையா? எனக்கு ஒரு தடவைகூட போன மாதிரி தெரியலைங்க. அனுப்பறப்பெல்லாம் லைன் அத்துக்கிச்சு. போகலையாட்ட இருக்குதுன்னு மறுபடி அடிச்சேன்."

"எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்றாங்க."

"எல்லாருஞ் சொன்னா நெசமாத்தானுங்க இருக்கோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கிவிட்டது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எஸ்டேட்டு எஸ்டேட்டா ஏறி எறங்கிட்டேனுங்க" என்றார் அந்தப் பெண். "நாத்தைப் பாத்து நல்லாருக்குதுங்கறாங்க. பேரைச் சொன்னதும் கணக்கெழுதற ரைட்டரு உள்ள போய்க் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு வந்து வேண்டாங்கறாரு. ஏனுங்கன்னு கேட்டா, அந்த லிஸ்டுல இருக்கற ஆளுங்கறாரு. மழை போறதுக்குள்ள நடோணுமுங்க. பையிலயே கெடந்தா செத்துப் போயிருமுங்க சார்."

"புரியுதுங்க. ஆனா ஒரு முறைன்னு இருக்குதில்லைங்களா? ஏதாச்சும் சொல்றதுன்னா போர்டுல எழுதுங்க. பாத்து முடிவு பண்றோம்."

"போர்டுக்குள்ளதான் விட மாட்டேங்குதுங்களே."

"லிஸ்டுல பேரு இருக்கற வரைக்கும் விடாதுங்க."

"அந்தப் பேரை எடுங்கன்னு கேக்கத்தானுங்க வந்தேன்."

"அதைத்தாங்க போர்டுல எழுதித் தரச் சொல்றேன்."

அந்தப் பெண் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஏனுங்க சார், வெளிய தள்ளிக் கதவைச் சாத்திப் போட்டு, உள்ள வந்து தட்டுங்கறீங்களே?" என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டது போலத்தான் இருந்தது. "நாய்க்குட்டி விக்கறதுக்குப் போட்டிருக்காங்க. லாட்ஜுல ரூமு இருக்குதுன்னு வாராவாரம் போடறாங்க. அதையெல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க நானும் போட்டேன்."

"அவங்கல்லாம் தெரிஞ்சவங்கம்மா."

"என்னையுந் தெரிஞ்சுக்கலாமுங்களே. அதுக்குத்தான இங்க வந்து நிக்கறேன்."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். அவருடைய மனைவி அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்வாசல் வழியாகவே இறங்கி வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் லைன் நோட்டை எடுத்தேன். என்னிடமிருந்த அச்சுத்தாளிலிருந்து அந்தக் கடிதங்கள் வந்த நேரங்களை வேறு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். மாலை ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு முதல் கடிதம். ஐந்து இருபத்து மூன்றுக்கு லைன் அறுந்திருக்கிறது. ஐந்து முப்பத்தொன்று, அறுந்திருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே. என் டைரியில் அன்றைய பக்கத்தில் 'ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை விடாத இடி' என்றிருந்தது. எல்லாம் என் கையெழுத்துதான். சிவப்புக் கோடு போட்ட காலையில் அந்த நோட்டு பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தாங்க எழுதியிருக்கீங்க."

"அப்ப பேரை எடுத்துரலாமுங்களா?"

தாளை மடித்தார். "எடுத்தா, தள்ளி வெச்ச அத்தனை பேரும் நாளைக்கு வந்து படியில நிப்பாங்க. என்னுதையும் பாருங்க, என்னுதையும் பாருங்கம்பாங்க. அப்பறம் டாக்டர் கேப்பாரு, ஏனுங்க மறுபடியும் தெறந்து போட்டுட்டீங்களான்னு."

"மத்தவங்களுது நெசமாவே விளம்பரமுங்க. இந்தம்மாவுது அப்பிடி இல்லை. நீங்க முன்ன மாதிரி வாங்கன்னு சொல்லி, லைன் விசயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்திக்கொண்டேன். அந்த வாக்கியத்தை நான் முடித்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஒரு பொம்பளை வந்து நனைஞ்சுட்டு நின்னு சொன்னா நம்பறதில்லை. எழுதிக் கொண்டாந்து காட்டுனா அதையும் மடிச்சு வெச்சுக்கறது. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நீ சும்மா இரு" என்றார். அவர் மனைவியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என்னிடம் இறங்கிய குரலில் சொன்னார்: "மழை முடியட்டுமுங்க. ஆற அமர எல்லாப் பேரையும் எடுத்து வெச்சுப் பாத்துரலாம்."

மழை முடிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். இருவருமே மலைக்காரர்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். திறவுச்சொல் எனக்கும் தெரியும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எந்த நாள் காலையிலும் உட்கார்ந்து அரை நிமிடத்தில் அந்தப் பெயரை எடுத்திருக்கலாம். அது அவருடைய வீடு, அவருடைய போர்டு, சொல்லாமல் செய்வது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அன்றைய டைரியில் 'பேசினேன், பலனில்லை' என்று மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளி வேலையாக வெள்ளக்கடைப் பக்கம் போனேன். சாலைக்குக் கீழே சரிவில் கறுப்புப் பைகளைக் கொட்டியிருந்தார்கள். குவியல் வேலி உயரத்துக்கு இருந்தது. கொடிகள் கறுத்திருந்தன. ஒரு பை பிரிந்து கிடந்தது. உள்ளே வேர் கயிறு சுற்றியதுபோல் வட்டம் வட்டமாகச் சுருண்டிருந்தது. யாருடையவை என்று நான் யாரையும் கேட்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் தாமாகவே சொன்னார்கள்.

மழை முடிந்தது. பட்டியலை நாங்கள் எடுத்துப் பார்க்கவில்லை. அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை; நானும் எடுக்கவில்லை. அடுத்த ஒரு வருடத்தில் புதிய பெயர் என்று போர்டுக்கு வந்தது மூன்று. மூவரும் ஒருமுறை படித்துவிட்டுப் போனவர்கள். முதல் திரையிலேயே தள்ளி வைத்தவர்களின் பட்டியலைப் பார்க்கிற ஒருவர், அடுத்து என்ன எழுதத் துணிவார்? இருக்கிறவர்களுக்கும் எழுதச் செய்தி குறைந்தது. மழையை எழுதினார்கள், நாய்க்குட்டியை எழுதினார்கள். அவர் மட்டும் தினமும் மாலையில் திரைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பார். "இப்பத்தாங்க சுத்தமா இருக்குது" என்று ஒருமுறை சொன்னார். பிறகு பஜாரில் பிரவுசிங் சென்டர் வந்தது. ஒரு மாலை ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

இன்னும் சில வருடம் கழித்து அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் போதகர், வந்தவர் யாரையும் வாசலில் நிற்க வைக்காத மனிதர் என்று பேசினார். பலர் அழுதார்கள். மூன்றாவது வரிசைக்கு அவர் கூட்டிப்போன குழந்தைகளில் இரண்டு பேர், இப்போது வளர்ந்தவர்கள், பெட்டியைத் தூக்கினார்கள். போதகர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் கண் கலங்கியது. அவர் மனைவி மட்டும் ஒரு சொட்டு விடாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடமே குப்பனூர் வழியாகச் சேலம் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க அன்னைக்கு உள்ள உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருந்தவங்கதானே?"

ஆமாம் என்றேன். கணவர் அந்த மழையைத் தாண்டவில்லை என்றும், குத்தகை நிலத்தை விட்டுவிட்டுக் குப்பனூரில் இன்னொருவருடைய நர்சரியில் கூலிக்குப் பை நிரப்புவதாகவும் சொன்னார். நான் கேட்காமலே, சாதாரணமாகச் சொன்னார். போர்டு நடத்தியவர் இறந்த செய்தியை நான் சொன்னேன். ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"உங்க மேல தப்பில்லைன்னு அவருக்கு அப்பறம் தெரிஞ்சுதுங்க. மனசுக்குள்ள நொம்ப வருத்தப்பட்டாரு."

வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது.

"அன்னைக்கு மழை புடிச்சுக்கிச்சுங்க" என்றார் அந்தப் பெண். "நான் படியெறங்கறேன், பின்னாடியே கொடையோட வந்துட்டாரு. கூடையை வாங்கி அவரே தூக்கிக்கிட்டாரு. பஸ்டாப்பு வரைக்கும் எனக்குத்தான் கொடை புடிச்சாரு, அவரு பாதி நனைஞ்சாரு. பஸ்ஸு வர முக்கா மணி நேரம் ஆச்சு. கூடவே நின்னாருங்க."

 "அவரு அப்பிடித்தானுங்க" என்றேன். "யாரையும் நனைய விட மாட்டாரு."

"நானும் அப்பிடித்தானுங்க நெனச்சேன். பேரை எடுக்காட்டிப் போகுது, நல்ல மனுசன்னு நெனச்சேன். பஸ்ஸு வந்ததும் ஏத்தி விட்டுட்டு, கண்டக்டரைக் கூப்புட்டு என்னமோ சொன்னாரு. டிக்கெட்டு குடுக்கறப்ப நான் கேட்டேன், அந்த சார் என்னங்க சொன்னாருன்னு."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"'இந்தம்மா வெள்ளக்கடையிலதான் எறங்கோணும். நடுவுல எறங்கித் திரும்பி வந்துறாமப் பாத்துக்கங்க'ன்னு சொன்னாராமுங்க."